பறந்தால் ஐம்பத்தைந்து நிமிஷம்

ஏலப்பாறை எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கும் ட்ரையர் முன்னால் நின்றே தலை நரைத்த சுவக்கீன், கிலோமீட்டர் கணக்கை ஒருநாளும் நம்பியதில்லை. மலைக்காரர் யாரும் நம்பமாட்டார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டால் எவ்வளவு நேரம் என்றுதான் இங்கே பதில் வரும். அந்த வழக்கமே மனுஷனைக் கவிழ்த்துவிட்டது.

மகள் ஆன்மேரி ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். நிறைமாசம். புருஷன் விசா கிடைக்காமல் துபாயில் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் அண்ணன் ஜோமோன் அதே நாட்டில், இன்னொரு சின்ன ஊரில், சுரங்க லாரி மெக்கானிக். காலையில் வலி கண்டுவிட்டது என்று அவள் கூப்பிட்டதும், சுவக்கீன் இரண்டு ஊர் விமான நிலையங்களையும் போனில் போட்டுப் பார்த்தார். நானூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிஷம் என்று வந்தது. நானூறை விட்டுவிட்டு ஐம்பத்தைந்தைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டப்பனைக்கு மீன் வாங்கப் போனாலே அதவிட நேரமாகும். ஏறி உக்காருலே!" என்றார் மகனிடம்.

"அப்பா, இங்கேருந்து அங்க பிளேனே கிடையாது. ரோடு சுத்திச் சுத்திப் போகும். நான் வண்டியிலதான்..."

"பொய் சொல்லாதலே. கோடு போட்டுக் காட்டிருக்கான். தங்கச்சி ஒத்தையில கெடக்கா. நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு மகன் போன் கிடைக்கவில்லை. மகளும் எடுக்கவில்லை. சுவக்கீனுக்கு மண்டை குழம்பியது. பிளேனே போகாத வழிக்கு நேரம் எப்படி வந்தது? யார் பறந்து பார்த்துச் சொன்னது? பையன் பொய் சொல்கிறானா, போன் பொய் சொல்கிறதா? மறுபடி தேடினார். அதே ஐம்பத்தைந்து.

சாயங்காலம் எதிர்மலை எஸ்டேட்டில் சங்கு ஊதியது. கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த மனைவி செபமாலையம்மாள் நிமிர்ந்தாள்.

"கேக்குதா? பக்கத்து வீட்டுல ஊதுற மாதிரி இருக்கு. உங்க அக்கா அங்க செத்தப்போ கோயில் மணியும் இப்பிடித்தான் கேட்டுச்சு. நீங்க எப்பப் போய்ச் சேந்தீங்க?"

சுவக்கீன் எழுந்து வாசலுக்கு வந்தார். பள்ளத்தாக்கின் மேலே ஒரு காக்கை எதிர்மலைக்கு நேராக, சுலபமாகப் போனது. போன் போட்டுக் காட்டியதும் இந்தக் காக்கைக் கோடுதான். அவர் அன்று சுற்றி இறங்கி, இரண்டு பஸ் மாறி, மறுபடி ஏறிப் போயிருந்தார். இப்போது பயம் வந்தது. பையன் எந்த ரோட்டில் போகிறானோ! என்ன பேச்சு பேசிவிட்டோம் என்று மறுபடி மகன் நம்பரைப் போட்டுப் பார்த்தார்.

விளக்கு போட்ட நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, இப்பதான் வந்தேன். வழியில எங்கேயும் டவரே இல்ல. பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. ஆனா லேட்டாயிருச்சுப்பா. அவ தனியாத்தான் பெத்தா."

"இருக்கட்டும்லே. நீ போய் மொகத்தையாவது பாத்துட்ட" என்றார் சுவக்கீன். "நான் போய்ச் சேரையில எங்க அக்காவ மண்ணு போட்டு மூடிட்டாங்க."