வலை ஓரத்தில் சிவப்புத் துணி

முயல் வலைக்கு நான் சணப்பு நாரைத்தான் முறுக்குவேன். சின்னசேலம் சந்தைக்கு நைலான் வந்துவிட்ட காலம்தான். ஆனால் நைலான் வெயிலில் மின்னும். முயல் பத்தடிக்கு முன்னாலேயே திரும்பிக்கொள்ளும். நாலு விரல் சேர்த்து நுழைகிற அளவுக்கு வலைக்கண். தலை போக வேண்டும், தோள் போகக் கூடாது. பின்னி முடித்ததை ஆவாரம்பட்டை வெந்த தண்ணீரில் ஊறப் போட்டால் மண் நிறம் ஏறும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிழிந்த வலை ஒன்றை முடிச்சு முடிச்சாய்ப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் வேட்டை தனி ஆள் காரியம் இல்லை. கடலைக்காய் பிடுங்கிய கொல்லையில், காலை வெயிலில், பத்துப் பேர் அவரவர் வலையைக் கொண்டுவந்து முனையோடு முனை முடிந்து ஒரே வேலியாக நிறுத்துவோம். மற்றவர்கள் எதிரிலிருந்து குரல் கொடுத்துத் தட்டி முயலை விரட்டிக்கொண்டு வருவார்கள். யார் வலையில் விழுகிறதோ முயல் அவருக்கு. அதனால் ஒவ்வொரு வலைக்கும் ஓர் அடையாளம் உண்டு. என் வலையின் ஓரத்தில் சிவப்புத் துணி, என் மனைவியின் பழைய புடவைக் கரை.

"மொசலுக்குக்கூட எம் பொடவையதான் கட்டணுமா? அது ஒனக்கு இன்னா பொண்டாட்டியா?" என்பாள்.

என் வலைக்குப் பக்கத்து வலை எப்போதும் காலனிக்காரர் ஒருவருடையது. மாட்டு மணியின் நாக்கைத் தொங்கவிட்டிருப்பார், அதுதான் அவர் அடையாளம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் தெருவில் குழந்தைகூட அவரை வாடா போடா என்னும். கொல்லையில் வலை கட்டும்போது மட்டும் நான் 'அண்ணே' என்பேன், அவர் 'தம்பி' என்பார். ஊருக்குள் வந்ததும் இரண்டு பேருக்கும் வாய் மாறிவிடும்.

"தம்பி, மொசலு நம்மள மாதிரி இல்ல. ஒரு வாட்டி போன வழியிலயே மறுபடியும் போவும்," என்பார்.

"நாம மட்டும் இன்னாவாம்?"

"நாம போன வழியையே வெட்டிப்புடுவோம்."

அதைச் சொன்ன வருஷமே வழியை வெட்டினோம். எங்கள் சாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனியாக இடம் ஒதுக்க வேண்டும் என்று சாலை மறியல். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டது நியாயம் என்றுதான் போனேன், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விடிந்தும் விடியாமலும் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு புளியமரத்தைச் சாய்த்தோம். கிளைகளை இழுத்துக் குறுக்கே போடக் கயிறு போதவில்லை. நான் வீட்டுக்கு ஓடி வலையை எடுத்து வந்தேன். முயலைத் தாங்குகிற வலை, கிளையையும் தாங்கியது.

மரம் விழுந்த இடம், காலனிக்குத் திரும்புகிற முக்கு. கரும்பு வெட்டப் போகிறவர்கள் லாரி வராமல் நாலு நாள் வீட்டில் கிடந்தார்கள். அதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

நாலாம் நாள் ஜீப் சத்தம் கேட்டது. மரத்தருகே உட்கார்ந்திருந்த நாங்கள் சிதறிக் கரும்புக்குள் ஓடினோம். கிளையோடு சிக்கிய வலையைப் பிரிக்க நேரமில்லை. காய்ந்த கரும்புச் சோகைக்குள் குப்புறப் படுத்துப் பார்த்தேன். முப்பது அடிகூட இருக்காது. போலீஸ்காரர் வலையைத் தூக்கிப் பிடித்தார். சிவப்புத் துணி வெயிலில் ஆடியது. ஊரில் எந்த வேட்டைக்காரனைக் கேட்டாலும் என் பெயரைச் சொல்லிவிடுவான்.

சாலையோரம் என் பக்கத்து வலைக்காரர் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள்.

"யாருதுடா இது?"

"தெரியிலீங்க ஐயா."

"நீ மொசலு புடிக்கிறவன்தான? வலையப் பாத்தா தெரியாது ஒனக்கு?"

"வலைக்குக் கண்ணுதாங்க ஐயா இருக்கு. மொகம் இருந்தாதான அடையாளம் சொல்றது?"

அறை விழுந்த சத்தம் கரும்புக்குள் கேட்டது. புல்லுக்கட்டு சரிந்தது.

"அப்ப இது உன்னுதுதான். ஏறு."

என் பெயரை அவர் சொல்லியிருக்கலாம். நாலு நாள் கூலி போனதற்குச் சொல்லியிருக்கலாம். ஏறும்போது ஒரு தரம் கரும்பைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா, தெரியாது. எழுந்து நின்று "என்னுதுங்க" என்று சொன்னால் அவரை இறக்கிவிட்டிருப்பார்கள். கேஸ், கோர்ட்டு என்று மனசு எங்கெங்கோ ஓடியது. ஜீப் போன பிறகும் படுத்தே கிடந்தேன்.

கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. காலனிக்குள் எப்படிப் போவது, யார் பார்ப்பார்கள் என்று நாளைத் தள்ளினேன். மனைவி மட்டும் கேட்டாள்: "அந்த ஆளு ஒனுக்கோசரம் அடி வாங்கினாரே, ஒரு வாட்டி போயி 'எப்டிகீறே'ன்னு கேட்டா வாயி தேஞ்சா பூடும்?" நான் புது வலைக்கு நார் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

புது வலை முடிந்தபோது அவள் புடவைக் கரையைக் கிழித்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். ஒரு முடிச்சுகூட என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

அடுத்த கடலைக்காய் அறுவடைக்குப் பிறகு வேட்டை கூடியது. அவரும் வந்திருந்தார். இடது காதை எங்கள் பக்கம் திருப்பித்தான் பேச்சைக் கேட்டார். வலது காது மந்தமாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. வழக்கம்போல என் வலை முனையை அவரிடம் நீட்டினேன். அவர் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"அடையாளம் வெக்கிலீங்களா?"

'தம்பி' இல்லை. கொல்லையில் அவர் என்னிடம் ஊருக்குள் பேசுவதுபோல் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"துணி கெடைக்கில அண்ணே."

"அப்ப இதுல வுழுந்தா யாருதுன்னு சொல்றதுங்க?"

நான் வாய் திறப்பதற்குள் முனையை மெல்லக் கீழே வைத்தார். மணி நாக்கு ஆட, தன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் அந்தக் கோடிக்கு நடந்தார். வேறொருவன் வலையோடு முடிந்துகொண்டார். என் வலைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி கிடந்தது. தட்டுகிறவர்கள் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதை மூட எனக்குக் கை வரவில்லை.