குடிக்காமல் போன கிறிஸ்துமஸ் பானம்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்தபின் எனக்கு அது முதல் கிறிஸ்துமஸ். மாமனார் பெங்களூரில் ஒரு கிளப்பில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, காய்ச்சி ஆறிய பாலும் பாலேடும் சேர்த்து, பிராந்தி ஊற்றி, மேலே ஜாதிக்காய்த் தூள் தூவி ஒரு பானம் செய்வார். அவருக்குப் பண்டிகை என்றால் அதுதான். ஆனால் மதுவிலக்கு திரும்பவும் வந்திருந்த சமயம். அப்பா ஆசைப்படுகிறாரே என்று என் கணவர் யார் யாரிடமோ விசாரித்து, திருட்டுத்தனமாக ஒரு பாட்டில் வாங்கி வந்துவிட்டார்.

சர்ச்சிலிருந்து திரும்பியதும் மாமனாரே உட்கார்ந்து கலக்கினார். நான் கரு பிரித்துக் கொடுத்தேன். ஜாதிக்காய் மணத்தில் வேறெந்த வாசனையும் தெரியவில்லை. டம்ளர்களில் ஊற்றி வைத்துவிட்டு ஜெபத்துக்குத் தலை குனிந்தோம். அப்போது யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள்.

திறந்தால், மூச்சிரைக்க ஒருவர் நின்றார். அவரைப் பார்த்ததும் என் கணவரின் முகம் வெளிறிவிட்டது. பாட்டிலை விற்றவர்!

"சார், அத்த குடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லப்பா. ஏன்?"

"குடிக்காதீங்க சார்! அதே சரக்கைக் குடிச்சவன் கண்ணு தெரியலன்னு கத்திக்கினு கெடக்கிறான். சத்தியமா எனக்குத் தெரியாது சார், எவனோ விஷத்தக் கலந்து குடுத்துட்டான்."

நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம். அவரே உள்ளே வந்து, டம்ளர்களையும் பாத்திரத்தையும் சாக்கடையில் கவிழ்த்தார். எங்கள் வீடு அவருக்குத் தெரியாது. சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு என்பது மட்டும் நினைவிருந்ததாம். பாட்டில் வாங்கியது யார் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

"போலீஸ் வர்றதுக்குள்ள எங்கயாச்சும் போயிடுப்பா" என்றார் மாமனார்.

"செவிலிமேட்டுல இன்னொருத்தரு வாங்கிக்கினு போயிருக்காரு பெரியவரே. அவரப் பாக்கணும்" என்றபடியே சைக்கிளில் ஏறிவிட்டார்.

மற்றது மறுநாள்தான் தெரிந்தது. செவிலிமேட்டுக்காரர் குடித்துவிட்டிருந்தார். இவர் அவரைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய், குடித்தது என்ன, விற்றது யார் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அங்கேயே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. செவிலிமேட்டுக்காரர் பிழைத்தார். கண் தெரியவில்லை என்று கத்தினாரே, அவர் பிழைக்கவில்லை.

மாமனார் அதன்பிறகு அந்தப் பானத்தைச் செய்யவே இல்லை.

அந்த மனிதர் விற்ற சரக்கால் ஒரு வீட்டில் சாவு விழுந்தது. அதை நான் மறந்துவிடவில்லை. ஆனால் ஊரைவிட்டு ஓடியிருக்க வேண்டியவர், தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டினாரே, அதனால்தான் நாங்கள் மூன்று பேரும் பிழைத்தோம். யாரையாவது குற்றவாளி என்று எல்லோரும் பேசும்போது, அவ்வளவுதான் அவன் என்று சொல்ல எனக்கு இன்றுவரை நாக்கு எழுவதில்லை.