மூட்டைக்காரர் ஏறிய படகு

மூட்டைக்காரர் ஒருநாள் எழுப்பிய அலை ஏரியைக் குறுக்கே கடந்து, அக்கரையில் கட்டியிருந்த மூன்று படகுகளைத் தூக்கி மரத்தின்மேல் வைத்துவிட்டு வந்தது. சரி, மரம் இல்லை, புல்தரை. மூன்றும் இல்லை, ஒன்று. அதுவும் காற்றடைத்த ரப்பர் படகு. ஆனால் அலை என்னவோ அவர் எழுப்பியதுதான். அதில் ஒரு சொட்டுக்கூட மிகையில்லை.

அவர் கையாளுவது தண்ணீர் மூட்டை. அலைச்சறுக்கு என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. படகு நிதானமாக ஓடும்போது அதன் பின்னால் எழும் அலையிலேயே பலகை போட்டு நின்று, பிடித்திருந்த கயிற்றையும் விட்டுவிட்டு, படகோடு கூடவே சறுக்கிக்கொண்டு வருவார்கள். வெறும் படகு அதற்கு ஆகாது. தண்ணீரைச் சும்மா கீறிக்கொண்டு போய்விடும். அதன் பின்பகுதியை அழுத்தி உட்காரவைக்க வேண்டும். அதற்காக மூட்டைக்காரர் தடித்த பைகளை மூலைகளில் போட்டு, பம்பு வைத்து ஏரித் தண்ணீரை நிரப்புவார். பின்னால் எடை கூடினால் அலை உயரும். முன்னால் கொஞ்சம் வைத்தால் நீளும்.

அப்புறம் ஷேப்பர் என்று ஒன்று. முழங்கை நீளத்தில் ஒரு பலகை, அதன் முதுகில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணங்கள். இடப்பக்க அலையில் சறுக்குவதானால் இதைப் படகின் வலது பின்பக்கம், நீருக்கடியில் ஒட்ட வேண்டும். அந்தப் பக்கத் தண்ணீர் தடுமாறிப் பின்தங்கும். இந்தப் பக்க அலை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்கும்.

இந்த வேலைக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி வேண்டும். அவரிடம் அது ஊருக்கே பங்கு போடும் அளவுக்கு இருந்தது. யாரும் வாயால் சொல்லும் எடையை நம்பமாட்டார்; படகில் ஏறுகிற எல்லோரையும் தராசில் நிறுத்திப் பார்ப்பார். கொட்டகைக்கு இரண்டு பூட்டு. இரண்டாவது, முதல் பூட்டின்மேல் நம்பிக்கை இல்லாததால். மனுஷன் கொட்டாவி விட்டால்கூடப் பல்லை எண்ணிப் பார்த்துக்கொள்வார் என்று அவர் மனைவி சொல்வாள்.

மூட்டைகளை நிரப்பியதும் அவர் இறங்கிவிடுவார். துறையின் நுனியில் நின்று, தூரத்தில் எழும் அலையைப் பார்த்தே தன் வேலையை எடைபோடுவது பதினாறு வருஷப் பழக்கம். படகை ஓட்டுவது அவருடைய தங்கையின் கணவர், அதாவது மாப்பிள்ளை. படகு இருவருக்கும் பொது.

அந்தத் திங்கட்கிழமை இடது மூட்டை தொய்ந்துபோய்த் திரும்பி வந்தது. காலையில் முரசு மாதிரி இருந்த மூட்டை. சறுக்கக் கற்றுக்கொடுக்கும் டீச்சர் கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, அலை பாதியிலேயே சோர்ந்து போகுது. வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை பார்க்கிறேன். சரியா வரலைன்னா இந்த சீசனுக்கு எதிர்த்துறைக்குப் போயிடுவேன். அங்க புதுப் படகு. பொத்தானை அமுக்கினா தொட்டி தானா நிரம்புது."

டீச்சரையும் அவருடைய மாணவர்களையும் விட்டால் இந்தப் படகைக் கேட்டு வருகிற ஆள் கிடையாது. அவர் போனால் சீசன் முழுக்கப் படகு கட்டிக்கிடக்கும், இரண்டு குடும்பமும் கன்னத்தில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூட்டைக்காரருக்குப் பொறி தட்டியது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எதிர்த்துறையில் டீ குடித்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். குடித்தது மட்டுமில்லை, சிரித்துக்கொண்டே குடித்தார்.

அன்று சாயங்காலமே தங்கைக்கு போன் போட்டார். "உன் வீட்டுக்காரர் தூக்கத்துல ஏதாவது பேசுறாரா?"

"குறட்டை விடுறார் அண்ணே. பதிவு பண்ணி அனுப்பவா?"

செவ்வாய்க்கிழமை மூட்டைகளை நிரப்பிவிட்டு அவர் இறங்கவில்லை.

"நீங்க எதுக்கு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"காத்து வாங்க."

ஓட்டுபவரின் இருக்கை வலப்பக்கம். அதற்கு நேர் பின்னால், மாப்பிள்ளையின் இரண்டு கையும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். கையில் ஒரு தப்பும் இல்லை. அலையோ திங்கட்கிழமையைவிட மோசம்.

புதன்கிழமை மூட்டை வால்வுகளில் நூல் கட்டினார். ஷேப்பரைச் சுற்றி மெழுகுக் கோடு போட்டார். மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார். டீச்சர் மூன்று தடவை விழுந்தார். திரும்பி வந்து பார்த்தால் நூல் அறுபடவில்லை, கோடு விலகவில்லை. மூட்டைக்காரர் முடிச்சுகளை இன்னொரு தடவை எண்ணினார். தொட்ட தடயமே இல்லாமல் தொட்டிருக்கிறார் என்றால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

வியாழக்கிழமை தந்திரத்தை மாற்றினார். தலைவலி என்று சொல்லிக் கரையிலேயே நின்றுகொண்டு, படகு கிளம்பியதும் கொட்டகைக்குள் போய் மாப்பிள்ளையின் கருவிப்பெட்டியைக் குடைந்தார். கிடைத்தது இரண்டு ஸ்பேனர், ஓட்டைக் கையுறை, பாதி பிஸ்கட். நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் படகின் பின்னால் முழங்காலுக்கு மேல் உயர்ந்து, நீளமாக, வழவழவென்று ஓர் அலை. டீச்சர் கயிற்றை விட்டுவிட்டு அதன்மேல் உலா போய்க்கொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மூட்டைக்காரர் பல்லைக் கடித்தார். பார்க்க ஆளில்லை என்றதும் ஒழுங்காக ஓட்டுகிறார் பாருங்கள், என்ன கைகாரத்தனம்!

வெள்ளிக்கிழமை அவர் ஏறக் காலைத் தூக்கியபோது மாப்பிள்ளை குறுக்கே நின்றார்.

"சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். இன்னைக்கு ஒருநாள் ஏறாதீங்க."

"ஏன்?"

"நீங்க ஏறினா அலை வர மாட்டேங்குது."

"அவ்வளவு ராசி கெட்டவனா நான்?"

"ராசி இல்ல மச்சான், உங்க..."

"புரியுது, புரியுது. தள்ளுங்க."

ஏறி, வழக்கமான இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்தார். டீச்சர் கயிற்றைப் பிடித்து எழுந்தார், விழுந்தார். மறுபடி எழுந்தார். அலை நுரை கக்கிப் படுத்துவிட்டது. டீச்சர் தண்ணீரில் மிதந்தபடியே படகின் பின்பக்கத்தைப் பார்த்தார். படகு வலப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்தது; அவர் சறுக்குவதோ இடப்பக்க அலையில்.

"அந்த மூலையில என்ன மூட்டை போட்டிருக்கீங்க?"

"மூட்டை இல்லைங்க. மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

மூட்டைக்காரர் எல்லோருடைய எடையையும் கணக்கில் சேர்த்திருந்தார். மாப்பிள்ளை வலப்பக்கம் உட்காருகிறார் என்பதால் இடது மூட்டையில் அதற்கு ஈடாகத் தண்ணீர்கூட விட்டிருந்தார். தன்னைச் சேர்த்ததில்லை. பதினாறு வருஷமாகத் தான் அந்தப் படகில் இருந்ததே இல்லையே.

"இடது பின்மூலைக்கு வாங்கண்ணா," என்றார் டீச்சர். "என்னைப் பார்த்து உட்காருங்க. கடைசித் தடவை."

அங்கே போனால் மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்ட வேண்டும். கை தெரியாது, முகம் தெரியாது, ஒன்றும் தெரியாது. டீச்சர் தண்ணீரில் காத்திருந்தார்.

"திங்கட்கிழமை மூட்டை ஏன் தொய்ஞ்சுது?" என்றார் மூட்டைக்காரர்.

"உள்ளே காத்து புடிச்சிருந்துச்சு. போன்ல யாரையோ திட்டிக்கிட்டே நிரப்புனீங்க. காத்தைப் பிதுக்கி விடல."

"எதிர்த்துறையில டீ?"

"அங்க இஞ்சி போடுறான் மச்சான்."

நம்புகிற பதிலாக இல்லை. ஆனாலும் எழுந்தார். இடது மூலையில் போய்ப் பின்னோக்கி உட்கார்ந்து, காதை மட்டும் முதுகுப்பக்கம் விட்டுவைத்தார். எஞ்சின் உறுமியது. படகு நிமிர்ந்தது. அவர் கண்ணெதிரே தண்ணீர் மெல்ல மடிந்து எழுந்து, நீண்டு, அப்படியே நின்றது. பதினாறு வருஷம் தூரத்திலிருந்தே பார்த்த அலை, இப்போது கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். டீச்சர் கயிற்றை வீசிவிட்டுச் சறுக்கினார். ஏரியின் மறுகோடி வரைக்கும் விழவில்லை. எஞ்சின் சத்தமும் ஒரே சீராக இருந்தது. மூட்டைக்காரர் நடுவில் இரண்டே தடவைதான் திரும்பிப் பார்த்தார்.

துறைக்கு வந்ததும் டீச்சர் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, "சீசன் முழுக்க இதே மாதிரி வையுங்க. நான் எங்கேயும் போகலை," என்றார். "இன்னைக்கு எவ்வளவு கூட்டினீங்க, சொல்லுங்க. குறிச்சு வச்சுக்கிறேன்."

மூட்டைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இடது பின்மூலையில ஒரு தொண்ணூறு கிலோ."

மாப்பிள்ளை கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நூத்திப் பதினாலு, மச்சான். செருப்பில்லாம."