கெத்தாம் தீவில் இரண்டு சைக்கிள்

எங்கள் அப்பா கண்டெய்னர் லோரி ஓட்டுநர். நாற்பது அடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு கிள்ளான் துறைமுகத்தின் எந்தச் சந்திலும் பின்பக்கமாகவே போய் ஒரே மூச்சில் நிறுத்திவிடுவார். பக்கத்து லோரிக்காரர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்று அவரே சொல்வார். அப்பேர்ப்பட்டவரை ஒரு சைக்கிள் கவிழ்த்ததை நான் பத்து வயதில் நேரில் பார்த்தேன்.

துறைமுகத்தில் லோரியோடு வரிசையில் காத்திருக்கும்போதெல்லாம் கெத்தாம் தீவுக்குப் போகும் படகுகளை அப்பா பார்த்துக்கொண்டே இருப்பாராம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அம்மாவையும் என்னையும் அந்தப் படகில் கூட்டிக்கொண்டு போனார். இரவு எட்டு மணிக்கு அவருக்கு லோடு இருந்தது. கடைசிப் படகு ஐந்தரைக்கு, அதைத் தவறவிடக்கூடாது என்று போகும்போதே மூன்று முறை சொன்னார்.

தீவு என்றால் மணலும் தென்னை மரமும் இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு முதல் பத்து நிமிடம் ஏமாற்றம்தான். அங்கே எல்லாமே சேற்றின் மேல் கால் ஊன்றி நின்றன. வீடு, கடை, கோயில், பள்ளிக்கூடம், எதுவும் பாக்கியில்லை. வீடுகளுக்கு நடுவே ஆறடி அகலத்தில் சிமெண்டுப் பாதை, அதற்குக் கைப்பிடியும் கிடையாது. கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, எல்லோருக்கும் சைக்கிள்தான். சீனக் கிழவி ஒருத்தி பின்னால் சமையல் கேஸ் நிரப்பிய இரும்புத் தோம்பைக் கட்டிக்கொண்டு, முன்கூடையில் பேரனை உட்காரவைத்து, ஒரு கையால் குடையும் பிடித்தபடி எங்களைக் கடந்து போனாள். அதற்குப் பிறகு எனக்கு மணலும் தென்னையும் மறந்தே போயின.

படகுத்துறையை ஒட்டியே சைக்கிள் வாடகைக்கு விடும் கடை. கடைக்கார ஆன்டி மூன்று விரலைக் காட்டி, மூன்று சைக்கிளா என்று மலாயில் கேட்டார். அப்பா தலையை ஆட்டி இரண்டு விரலைக் காட்டினார். எனக்கொன்று, அவருக்கொன்று, அம்மா பின்னால் உட்கார்ந்துகொள்வார். அம்மா வாசலில் நின்ற சைக்கிள்களை ஒருமுறை பார்த்தார். பஞ்சாபி சூட்டின் ஷாலை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்.

நாள் முழுக்கச் சுற்றினோம். நண்டு சாப்பிட்டோம். சேற்றில் மீன்கள் துடுப்பை ஊன்றி நடந்து போவதைக் குனிந்து பார்த்தோம். வீட்டு வாசல்களில் இறால் காய்ந்துகொண்டிருந்தது. கதவுகள் திறந்தே கிடந்தன, காவலுக்கு ஒரு நாய்கூட இல்லை. அப்பா இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, பெரிய லோரியில் போகிற கம்பீரத்தோடுதான் போய்க்கொண்டிருந்தார்.

தீவின் மறு கோடியில் இடது பக்கம் ஒரு வளைவு வந்தது. ட்ரெய்லர் ஓட்டுகிறவர்கள் இடது பக்கம் திரும்புவதற்கு முன் வலது பக்கம் நன்றாக ஒதுங்கிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பின்னால் வரும் பெட்டி மூலையில் இடிக்கும். பதினைந்து வருடப் பழக்கம் அப்பாவைக் கேட்காமலேயே வேலை செய்துவிட்டது. ஆறடிப் பாதையில் அழகாக வலது பக்கம் ஒதுங்கினார். அம்மா குதித்துவிட்டார். அப்பா சைக்கிளோடு சேற்றில் இறங்கிவிட்டார்.

அந்த வழியாக வந்த இரண்டு பேர் அவரையும் சைக்கிளையும் மேலே இழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து இரண்டின் மேலும் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அப்பாவின் கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நடக்க முடியவில்லை. மணி ஐந்தாகப் போகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கி, கோணலாகிப்போன ஹேண்டிலை ஒரே திருகில் நேராக்கினார். கழன்ற சங்கிலியை விரலால் மாட்டி, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஷாலை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

“ஏறுங்க.”

“விளையாடாத.”

“எட்டு மணிக்கு லோடு இருக்குல்ல? ஏறுங்க.”

அப்பா ஏறினார். அம்மா போன வேகத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு மூலைக்கும் முன்னாலேயே மணி அடித்து, ஓரத்தை ஒட்டி வெட்டித் திரும்பினார். எதிரே வந்த சைக்கிள்களுக்குக் கண்ணாலேயே வழி சொன்னார். எனக்கு அழுகையெல்லாம் நின்று, யாராவது தெரிந்தவர்கள் எதிரே வரமாட்டார்களா, என் அம்மாவைப் பார்க்கமாட்டார்களா என்று இருந்தது. ஒரு பாலத்தின் ஏற்றத்தில்தான் அவர்களை எட்டிப் பிடித்தேன்.

“உனக்கு ஓட்டத் தெரியும்னு சொல்லவே இல்ல” என்றார் அப்பா.

“நீங்கதான் ரெண்டு போதும்னுட்டீங்களே.”

“எங்க கத்துக்கிட்ட?”

“எஸ்டேட்லருந்து ஸ்கூலுக்கு ஆறு மைலு. தெனமும் சைக்கிள்லதான் போனேன். ஃபார்ம் த்ரீயோட ஸ்கூல விட்டு என்ன நிறுத்திட்டாங்க. சைக்கிளு தம்பிக்குப் போயிருச்சு.”

வேறு சைக்கிள் வாங்கியிருக்கலாமே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

படகுத்துறைக்கு வந்தபோது கால் மணி நேரம் மிச்சமிருந்தது. அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சைக்கிள்களைக் கடையில் விடப் போனோம். நான் என்னுடையதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அம்மா கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“மா, கட இங்க இருக்கு” என்று கத்தினேன். அவர் திரும்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். கடைக்கார ஆன்டி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகட்டும் என்று மலாயில் சொன்னார். எனக்கு ஆன்டி மேல் கோபம் வந்தது.

படகு ஒருமுறை ஊதியது. அப்பா ஒற்றைக் காலில் எழுந்து நின்று படகுக்காரரிடம் கெஞ்சத் தொடங்கினார். காலையில் வெறும் சேறாக இருந்த இடத்தில் இப்போது கடல் வந்து, வீடுகளின் அடியெல்லாம் தண்ணீர் நின்றது. அம்மா எங்கேயாவது விழுந்திருப்பாரோ என்று பாதையின் ஓரத்துக்கு ஓடிப்போய்த் தண்ணீரைப் பார்த்தேன். இரண்டாவது முறை ஊதும்போதுதான் வந்தார். கொண்டை அவிழ்ந்து முடி முதுகெல்லாம் பரவியிருந்தது, மூச்சு வாங்கியது, முகம் சிவந்து சிரித்தபடி இருந்தது. சைக்கிளை ஆன்டியிடம் கொடுத்தபோது ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“எங்க போயிட்ட?” என்றார் அப்பா.

“வழி தப்பிருச்சு.”

அப்பா அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சரி ஏறு என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். இருபது அடித் தூரத்தில் கண்ணுக்கு நேராக இருந்த கடைக்கு வழி தெரியாமல் போய்விட்டதே என்று அம்மாவை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. மறுபடியும் எங்கேயும் தொலைந்துவிடக் கூடாதென்று, கிள்ளானில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அவர் கையை நான் விடவேயில்லை.