மூக்கு நீண்ட பாலாடை

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கொட்டகையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பொம்மை, ஊறுகாய் ஜாடி, அகல்விளக்கு எல்லாம் செய்தோம். நான் விளக்குப் பகுதி. அச்சிலிருந்து வந்த விளக்கை ஓரம் சீவி, பிசிறு தட்டி, காய்ந்ததும் கிளேஸ் என்கிற பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். முக்கிய கையோடு அதன் அடியை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் சூளைச் சூட்டில் கிளேஸ் உருகி, விளக்கு அதை அடுக்கி வைக்கும் மண் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உடைத்துத்தான் எடுக்க முடியும். வேலைக்குச் சேருகிற அன்றே சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

என் கை சுத்தமான கை என்று எனக்குக் கர்வம் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லவும் தயங்க மாட்டேன். அதனால் கொட்டகையில் என்னை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்த அக்காவோடு அந்தச் சமயம் மூன்று மாதமாகப் பேச்சே இல்லை. காய வைத்திருந்த என் விளக்குகளை அவள் முந்தானை தட்டிவிட்டதென்று நான் கத்த, அவள் திருப்பிக் கத்த, அதோடு நின்றது. ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்து வேலை செய்வோம்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சோற்றுத் தூக்கைத் திறந்திருந்த நேரம், கேட்டுக்கு வெளியே ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை இங்கே செய்வீர்களா என்று கேட்டாள். செய்வதில்லை, போம்மா என்று நான் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னேன். அவள் போகவில்லை. குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. இரண்டு மாதக் குழந்தை, பிறந்த குழந்தையைப் போல இருந்தது. அதற்கு மார்பில் சப்பிக் குடிக்க வரவில்லை. எடை ஏறினால்தான் உதட்டைத் தைக்க முடியும் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"சங்குல ஊத்துனா பாதி மூக்கு வழியா வந்துடுதுக்கா. மூக்கு நீளமா ஒண்ணு இருந்தா உள்நாக்குகிட்ட ஊத்தலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. கடையில எங்கயும் இல்ல" என்றாள்.

நான் இளகிய மனசுக்காரி இல்லை. ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை வெறும் காற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. தூக்கை மூடி வைத்தேன். அடுத்த புதன்கிழமை வா என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று பயம் வந்தது. ஆர்டரில் இல்லாத சாமான் ஒன்றுகூடச் சூளைக்குள் போகக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். சொந்தத்துக்கு ஒரு பொம்மை செய்து வைத்த ஒருத்தியை வேலையை விட்டே நிறுத்தியிருந்தார்.

அன்று சாயங்காலம் ஈரம் குறையாத அகல் ஒன்றை எடுத்தேன். திரி போடுகிற மூக்கில் களிமண் வைத்து ஒட்டி, விரல் நீளத்துக்கு இழுத்தேன். நடுவில் வாய்க்கால் மாதிரி வழித்து, நுனி குழந்தையின் வாயைக் கிழித்துவிடாமல் மழுங்கத் தேய்த்தேன். நன்றாக வந்தது. பக்கத்துப் பலகைக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். மேஸ்திரியிடம் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று துணியைப் போட்டு மூடினேன். அவள் பார்க்கும்போதெல்லாம் மூடினேன்.

சனிக்கிழமை சூளையில் பெட்டிகளை அடுக்கி முடிக்கிற நாள். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் பாலாடையைக் கிளேஸில் முக்கி, விளக்குகளுக்கு நடுவில் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். சூளை வாசலைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். மனசு நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை அடுத்த ஈட்டு விளக்குகளைத் துடைக்கும்போதுதான் பொறி தட்டியது. நான் அதன் அடியைத் துடைக்கவில்லை. அவசரத்தில் முக்கினேன், வைத்தேன், அவ்வளவுதான். நேற்றுச் சேர்ந்தவள்கூடச் செய்யாத தப்பு. சூளை எரிந்துகொண்டிருந்தது. ஆறும் வரை யாரும் அதைத் திறக்க முடியாது. இன்னொன்று செய்து சுட இன்னும் பத்து நாளாகும். அதுவரை அந்தக் குழந்தை எதைக் குடிக்கும்? இரண்டு நாள் என் கர்வத்தின் மேல் நானே காறித் துப்பினேன்.

புதன்கிழமை சூளை பிரிப்பதற்கு முன்பே அவள் கேட்டில் வந்து நின்றுவிட்டாள். குழந்தை போன வாரத்தைவிடச் சுருங்கியிருந்தது. ஒரு டம்ளரில் பால் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

என் பெட்டியைச் சூளைக்காரர் இறக்கினார். பாலாடை வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. தொட்டால் அசையவில்லை. அவர் பதமாகத்தான் தட்டினார். அடிப்பக்கம் பெட்டியிலேயே நின்றுவிட, மூக்கும் ஓரமும் மட்டும் கையோடு வந்தது. எல்லோருக்கும் முன்னால் அழுதேன். மேஸ்திரி அங்கேதான் நின்றார். திட்டட்டும், வேலை போகட்டும், வாசலில் நிற்கிறவளிடம் என்ன சொல்லப் போகிறேன் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

சூளைக்காரர் அடுத்த பெட்டியைத் திறந்தார். அதில் விளக்குகளுக்கு நடுவே மூக்கு நீண்ட ஒரு பாலாடை இருந்தது. ஜாடிப் பெட்டியைத் திறந்தால் அதில் ஒன்று, கொஞ்சம் குட்டையாக. பொம்மைகளுக்குப் பின்னால் ஒன்று. கடைசியாக, கொழுக்கட்டை மாதிரி தடித்து ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் அடுக்குவதைத் தவிர வேறு வேலை தெரியாத சூளைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார்; அது அவர் பிடித்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்திருக்கிறார்கள். நான் அவர்களுக்கு ஒளித்தேன், அவர்கள் எனக்கும் மேஸ்திரிக்கும் ஒளித்திருக்கிறார்கள்.

முதலில் வந்தது பக்கத்துப் பலகைக்காரி செய்தது. என்னுடையதைப் பார்த்துத்தான் செய்திருந்தாள். ஆனால் மூக்கின் வளைவு என்னுடையதைவிட நன்றாக விழுந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன், அடி சுத்தமாக இருந்தது. மூன்று மாதம் கழித்து வாயைத் திறந்தேன்.

"அடியத் தொடச்சியாக்கா?"

"தொடச்சேன். உன்னுதயும் தொடச்சிருப்பேன். நீதான் என்னைப் பாத்தாலே மூடி மூடி வச்சியே."

உடைந்த மூக்கைக் கீழே போட்டுவிட்டு, அவள் செய்ததை முந்தானையால் துடைத்தேன்.

மேஸ்திரி நாலையும் வரிசையாகப் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். வெந்நீரில் கழுவிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

கேட்டருகே கிடந்த உடைந்த அச்சின் மேல் உட்கார்ந்து அந்தப் பெண் பாலாடையில் பால் ஊற்றினாள். மூக்கு நுனி குழந்தையின் கன்னத்து ஓரமாக உள்ளே போனது. முதல் மடக்கில் இருமியது. இரண்டாவது மடக்கு உள்ளே இறங்கியது. தொண்டை அசைந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். டம்ளர் காலியாகும் வரை ஒருத்தியும் வேலைக்குத் திரும்பவில்லை, எங்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

நாலையும் முந்தானையில் முடிந்துகொண்டு, போயிட்டு வரேன் என்று போனவள், மூன்று மாதம் கழித்து வந்தாள். குழந்தையின் உதட்டில் தையல் போட்டிருந்தது. கன்னம் உப்பி, தூக்கினால் கை வலிக்கிற அளவுக்குக் கனத்தது. நாங்கள் மடிக்கு மடி மாற்றிக் கொஞ்சினோம். பாலாடைகளை என்ன செய்தாய் என்று கேட்டேன். எனக்கு ஒன்றைத் திருப்பிக் கேட்டு வைத்துக்கொள்ள ஆசை.

ஒன்றுகூட இல்லை என்றாள். ஆஸ்பத்திரியில் இதே மாதிரி குழந்தைகளோடு வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டாளாம். தன் குழந்தை குடித்ததைக்கூடத் தையல் போட்ட அன்றைக்கே கொடுத்துவிட்டாளாம். அவர்கள் யார், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது.

"எம்புள்ளைக்கு இனிமே வேணாம்க்கா. அங்க இன்னும் மூணு புள்ளைங்க இருக்குது. கேக்க வாயே வரல, இருந்தாலும் வந்துட்டேன்" என்றாள்.

நான் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். மூன்று போதுமா என்று அவர் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் பக்கத்துப் பலகை அக்கா ஈர அகலைக் கையில் எடுத்துவிட்டாள். சூளைக்காரர்கூட ஒரு பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரப் போனபோது பிசைந்து வைத்த களிமண் மிச்சமில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே, இப்படிப்பட்டவர்களோடு வேலை பார்க்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. போய் நானே களிமண் பிசைந்து எடுத்து வந்தேன்.