கல்யாணக் குதிரையும் கௌபாய் படமும்

என் படிப்பு அஞ்சாவதோடு சரி. ஆனால் எது கௌபாய் படம், எது இல்லை என்று சொல்வதற்கு ஓசூரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. காவேரிப்பட்டினம் பக்கத்து டெண்டுக் கொட்டகையில் தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்புறம் ஓசூருக்கு வந்து லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கினேன். அதே லேத்தை ஓட்டக் கற்றேன். இன்றைக்கு என் ஷெட்டில் பன்னிரண்டு மெஷின் ஓடுகிறது. இன்ஜினியரிங் படித்த பையன்கள் என்னிடம் வந்து டிராயிங்கை நீட்டி, "ஐயா, இது வருமா?" என்று கேட்கிறார்கள். ஒரு பார்வை பார்த்து, வரும், வராது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் என் மாப்பிள்ளை, குதிரையே இல்லாமல் ஒரு கௌபாய் படம் எடுக்கிறேன் என்று வந்து நின்றார்.

மாப்பிள்ளை ஒரு பெரிய ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வாரத்தில் ஆறு நாள் உதிரிபாகத்தை அளப்பார், ஏழாவது நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெங்களூரில் நடக்கிற ஒரு குறும்பட விழாவில் வெஸ்டர்ன் என்று கௌபாய் படங்களுக்குத் தனியாக ஒரு பிரிவு உண்டாம். அதற்குத்தான் இந்தப் படம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே கதை சொன்னார். ரெண்டு மாநில எல்லையில் ஒரு கல்லுக்காட்டு ஊர். ஊருக்கே ஒரு போர்வெல். அதை ஒரு மீசைக்காரன் வளைத்துப்போட்டுத் தண்ணீர் விடமாட்டேன் என்கிறான். வெளியூரிலிருந்து ஒருத்தன் வருகிறான்.

"எதுல வர்றான் மாப்ள? குதிரையிலயா?"

"குதிரை இல்லிங்க மாமா."

"தொப்பி?"

"வெயிலுக்குத் தலையில துண்டு கட்டியிருப்பான்."

"துப்பாக்கி?"

"அதுவும் இல்லிங்க."

"அப்ப இது கௌபாய் படமில்ல மாப்ள. குடிநீர் வாரியப் படம்."

என் மனைவி சிரித்துவிட்டாள். மகள் முறைத்தாள். மாப்பிள்ளை சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மாமா, குதிரை, தொப்பி எல்லாம் மேல போட்ட சட்டை. ஆளு உள்ள இருக்கான். நியாயம் சொல்ல இன்னும் யாரும் வந்து சேராத ஊரு ஒண்ணு இருக்கணும். பலசாலி சொன்னதுதான் அங்க சட்டம். ஒருத்தன் வர்றான், எதுத்து நிக்கறான், ஊரைச் சரி பண்றான். ஆனா சரியாகிட்ட ஊர்ல அவனுக்கு இடமில்ல, போயிடறான். அதுதான் வெஸ்டர்ன்."

"எப்படிப் போறான்?"

"நடந்துதான்."

"நடந்து போனா அது பக்திப் படம் மாப்ள."

எங்கள் தொழிலில் ஓட்டை சரியாக விழுந்ததா என்று பார்க்க ரெண்டு முனையுள்ள கேஜ் ஒன்று வைத்திருப்போம். ஒரு முனை உள்ளே போகணும், மறு முனை போகக் கூடாது. போச்சு என்றால் அந்தப் பீஸ் குப்பைக்கு. அதில் பேச்சுக்கே இடமில்லை. கௌபாய் படத்துக்கு என் கேஜ் குதிரை. இதைத் தினமும் கேஜ் பிடிக்கிற மாப்பிள்ளையிடமே சொன்னேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மகள் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அப்பா, விளையாட்டு போதும். இதை விழாக்காரங்க வெஸ்டர்ன்னு ஏத்துக்கலைன்னா கேமராவை வித்துட்டு இந்தப் பேச்சையே விட்டுடறேன்னு சொல்லிட்டாரு. இதுக்கு முன்னாடி நாலு படம் திரும்பி வந்துடுச்சு. தாங்க மாட்டாரு. நீங்க வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா அதுவே பெரிய உதவி."

உதவி என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அடுத்த நாளே கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய் ஒரு குதிரைக்காரரைப் பிடித்தேன். வெள்ளைக் குதிரை, நல்ல உயரம். கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிற குதிரை அது. "ஓடுமா?" என்று கன்னடத்தில் கேட்டேன். "ஓடாது சார். ஆனா நடந்தா மகாராஜா மாதிரி நடக்கும்" என்றார். எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்து, "ரேஸ் குதிரை மாப்ள. ரிட்டையர் ஆனது. பெரிய இடத்துல சொல்லி வாங்கியிருக்கேன்" என்றேன். அவர் சரியென்று தலையாட்டினார். குதிரை வேண்டாம் என்று கொள்கை பேசின மனுஷனுக்கு, கிடைக்கிறது என்றதும் கண் மின்னுவதை நான் கவனிக்காமல் இல்லை.

உத்தனப்பள்ளி ரோட்டில் எனக்கு ஒரு கல்லுக்காடு இருக்கிறது. வாங்கினபோது எல்லோரும் சிரித்தார்கள். அதில்தான் படப்பிடிப்பு. விடிவதற்குள் போய்க் குதிரையின் ஜரிகைத் துணி, நெற்றிச் சுட்டி, கழுத்து மணி எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் போட்டேன். பிடரியில் ரோஸ் கலர் சாயம் இருந்தது. நானே சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. செம்மண்ணைக் கரைத்து மேலே பூசிவிட்டேன். பார்க்க நாலு மாநிலம் தாண்டி வந்த குதிரை மாதிரியே இருந்தது.

கதாநாயகன், மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற ஒரு திருநெல்வேலிக்காரர். மீசைக்காரன் வேஷத்துக்கு அவர்கள் ஃபேக்டரி கேன்டீன் மாஸ்டர். கதாநாயகன் குதிரையில் வந்து, ரெண்டு கம்பம் நட்டுக் கட்டின வாசலைத் தாண்டி, மீசைக்காரன் முன்னால் நிற்க வேண்டும். குதிரை கம்பீரமாக நடந்து வந்தது. வாசலில் வந்து நின்றது. நின்றதுதான், ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இழுத்தாலும் வரவில்லை, தட்டினாலும் வரவில்லை.

குதிரைக்காரர் என் காதோடு சொன்னார்: "சார், மண்டப வாசல்னு நெனைக்குது. ஆரத்தி எடுத்தாத்தான் உள்ள போகும்."

நான் மகளைக் கூப்பிட்டு டிஃபன் பாக்ஸ் மூடியைக் கையில் கொடுத்து, "கேமராவுல படாம நின்னு மூணு சுத்து சுத்தும்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் தாள் எரியும். ஆனாலும் சுற்றினாள். குதிரை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனது.

"மாமா, ரேஸ் குதிரைக்கு எதுக்கு ஆரத்தி?" என்றார் மாப்பிள்ளை.

"ஜெயிச்சு ஜெயிச்சுப் பழகிடுச்சு மாப்ள."

அதோடு போயிருந்தால் தப்பித்திருப்பேன். அன்றைக்கு முகூர்த்த நாள். கதாநாயகன், "தண்ணி எல்லாருக்கும் பொதுலே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற நேரத்தில், ரோட்டுப் பக்கம் எங்கேயோ பேண்டு செட்டு ஆரம்பித்தது. குதிரை காதைத் தூக்கியது. முன்னங்காலைத் தூக்கியது. அப்புறம் தாளம் தப்பாமல் ஆட ஆரம்பித்தது. மேலே இருந்தவர், "ஏ யாத்தே!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டார். கேன்டீன் மாஸ்டர் மீசை கழன்று விழச் சிரித்து, அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். பேண்டு நின்றால் குதிரை நிற்கும். கேமரா ஓடினால் பேண்டு ஓடும். சாயங்காலம் வரைக்கும் இதேதான்.

வியர்வையில் செம்மண் கரைந்து ரோஸ் சாயம் வெளியே வந்திருந்தது. மாப்பிள்ளை அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கல்யாணக் குதிரைதானே மாமா?"

"ஆமா."

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. போய்ப் பாறைமேல் உட்கார்ந்து மடியிலிருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்துக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம்தான். நானே போய்க் குதிரையை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். திரும்பி வந்து, "நடக்க விடுங்க மாப்ள. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

அந்த அரை மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவி இன்னும் இதை நம்பவில்லை. திருநெல்வேலிக்காரர் தலையில் துண்டோடு நடந்து வந்தார், மீசைக்காரன் எதிரில் நின்றார், வேலை முடிந்ததும் தாழ்ந்த வெயிலில் நடந்தே போனார். அவ்வளவுதான் எடுத்தது.

விழாக்காரர்கள் படத்தைத் திரையிடச் சம்மதித்தார்கள். ஆனால் ஒரு கொக்கி போட்டார்கள். இது வெஸ்டர்ன் பிரிவில் சேருமா என்று படம் பார்த்த பிறகுதான் நடுவர்கள் சொல்வார்களாம்; சேராது என்றால் வெளியே. பெங்களூரில் ஒரு சின்ன ஹால். நடுவர்கள் மூன்று பேர். படம் முடிந்ததும் அதில் ஒரு அம்மா மைக்கை வாங்கி, "குதிரை இல்லை, துப்பாக்கி இல்லை. இதை எப்படி வெஸ்டர்ன் என்கிறீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

மாப்பிள்ளை எழுந்தார். எனக்குச் சோறு ஆறும்வரை பாடம் நடத்தினவருக்கு அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. மகள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். உட்கார் என்று அர்த்தம். நான் எழுந்துவிட்டேன்.

"அம்மா, நான் படிக்காதவன். ஆனா ஓசூர்ல பன்னிரண்டு மெஷின் வச்சிருக்கேன்" என்று எங்கள் ஊர்க் கன்னடத்தில் ஆரம்பித்தேன். "நான் மொத ஷெட்டு போட்டப்ப எங்க சந்து யாருதுன்னு யாருக்கும் தெரியாது. தினம் ஒருத்தன் வந்து வழியில கல்லைப் போட்டு, இது என்னுதும்பான். கேக்க நாதியில்ல. அப்ப ஒரு ஆளு வந்தான். குதிரையில வரல, நாமக்கல் லாரியில வந்தான். எனக்காக அந்தக் கல்லுமேல ஏறி உக்காந்தான். ஒரு வாரம் எழுந்திரிக்கல. கல்லு போட்டவன் போயிட்டான். சந்துக்குப் பேர் வந்துச்சு, விளக்கு வந்துச்சு. விளக்கு வந்த அன்னிக்கு அவனும் போயிட்டான். சரியான ஊர்ல அவனுக்கு வேலை இல்ல. குதிரை, தொப்பி எல்லாம் மேல போட்ட சட்டைம்மா. உள்ள இருக்கற ஆளு இந்தப் படத்துல இருக்கானா இல்லையா, அதைப் பாருங்க."

மூன்று பேரும் தலையைச் சேர்த்து ஏதோ பேசினார்கள். அந்த அம்மா மைக்கைத் திரும்ப எடுத்து, "வெஸ்டர்னிலேயே இருக்கட்டும்" என்றார். மாப்பிள்ளை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பரிசு யாரோ நிஜக் குதிரை வைத்துப் படம் எடுத்தவருக்குப் போனது. மாப்பிள்ளைக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை.

திரும்பி வரும்போது காரில் கேமராப் பையை மடியிலேயே வைத்திருந்தார். பொம்மசந்திரா தாண்டினதும் என் பக்கம் திரும்பினார்.

"மாமா, அந்தச் சட்டை விஷயம் நான் சொன்னது."

"நீங்க சொன்னப்ப யாரு மாப்ள கேட்டாங்க? நான் சொன்னதும் மூணு தலை ஆடுச்சு பாருங்க."

பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "யாருப்பா அந்த நாமக்கல் லாரிக்காரர்? நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"கல்லு போட்டது நிஜம்மா" என்றேன்.

"ஏறி உக்காந்தவரு?"

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தேன். மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். அத்திப்பள்ளி வரைக்கும் சிரித்தார். கேமராவை விற்கிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.