தொட்டிக்குள் குதித்த அப்பா

இன்று காலை தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, கணவர் தரைத்தொட்டியின் இரும்பு மூடியை இழுத்தார். அந்தச் சத்தம் கேட்டதும், செம்பருத்தியருகே விளையாடிக்கொண்டிருந்த மகளை ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்தது அது. பெருமாநல்லூரில் எங்கள் வீடு. முன்னறையில் அம்மா ஓவர்லாக் மெஷினில் பனியன் தைத்தால் வேறு சத்தமே கேட்காது. ஒரு மதியம் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தால், தோட்டத்தில் தம்பியைக் காணோம். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். நாய் வெள்ளையனும் இல்லை. அங்கிருந்த தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது.

"கண்ணு, தம்பியெங்க?" அம்மா என்னைப் பிடித்து உலுக்கினார்.

கம்பெனியிலிருந்து சாப்பிட வந்த அப்பா, சட்டையோடு தொட்டிக்குள் குதித்தார். மூழ்கி மூழ்கித் துழாவினார். தலை தூக்கும்போதெல்லாம், "இல்ல புள்ள, இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் அழுதுகொண்டே பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே வெள்ளையன் வயிற்றில் தலைவைத்துத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா, இங்க இருக்கறானுங்க!"

அப்பா மேலே ஏறவில்லை. விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றார்.

"நாந்தான் புள்ள காலைல மூடாமப் போயிட்டேன்" என்று சொல்லி அழுதார்.

அம்மா குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எறக்கிவிடும்மா" என்று என் இடுப்பிலிருந்த மகள் திமிறினாள்.

"இரு கண்ணு" என்றேன். அவளை இறக்கிவிட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.